உடங்காட்டு ஆமை

பேத்தியின் கொலுசுக்குத் திருகாணி மாற்ற விருதுநகர் பஜாரில் ஒரு வெள்ளிக்கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கடைக்காரர் ஆமை மோதிரம் ஒன்றைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "தலை உங்களைப் பாத்து இருக்கணும் தம்பி. அப்பத்தான் பணம் உள்ள வரும். வெளிய பாத்துச்சுன்னா வந்தது போயிரும்" என்று சொல்லி, கழற்றித் திருப்பிப் போட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு கண்ணாடி ஆமையும் வைத்திருந்தார். மோதிர ஆமையின் முதுகில் கட்டம் கட்டமாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் கோடுகள் விரிந்து அடுத்த கட்டத்தின் கோடுகளைத் தொட்டன. அதைச் செய்த கை எங்கோ ஒரு நிஜ ஆமையைப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறது. திருகாணி மாற்றி முடிக்கும்வரை அந்தப் பையனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பிக்குளத்துப் பாதையும், மழையில் நனைந்த செம்மணலும், "மாப்ள, கையை வைக்காத, பொறு" என்ற மாமாவின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

எங்கள் காலத்தில் ஆமையை விரலில் போட்டுக்கொள்ள யாருக்கும் மனசு வந்திருக்காது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பதை எங்கள் ஊரான ஆனைக்குட்டத்தில் நம்பாத வீடு கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் ஊருக்கு அணை வரவில்லை. அர்ச்சுனா நதியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து போனபின் பள்ளங்களில் தண்ணீர் தங்கும், கண்மாய் பெருகும், ராத்திரிகளில் ஆமைகள் கரையேறும். இரண்டு ஜாதி ஆமைகளை எங்களுக்குத் தெரியும். ஓடு கறுத்து, முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள் ஓடுவது காராமை. வழுவழுவென்று தோல் மூடிய ஓடும், பின்னங்கால்களை உள்ளே இழுத்து மூடிக்கொள்ள வயிற்றுப் பக்கம் இரண்டு மடிப்புகளும் உள்ளது பால் ஆமை. கோடையில் கண்மாய் வற்றி, வயலுக்குப் போடக் கரம்பை மண் அள்ளும்போது, மண்வெட்டி பட்டுப் பால் ஆமை வெளியே வரும். தண்ணீர் இல்லாத மாதங்களைச் சேற்றுக்குள் தூங்கியே கழித்துவிடும் பிராணி அது. வண்டிக்காரர்கள் அதை எடுத்து ஈரமுள்ள இடமாகப் பார்த்துப் புதைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மூல வியாதிக்கு நல்லது என்று கறிக்குத் தேடிவந்தவர்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மழை ராத்திரி எங்கள் முற்றத்துக்குள் காராமை ஒன்று வந்துவிட்டது. அம்மா பயந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அப்பத்தா பதறவில்லை. சுளகை எடுத்து வந்து, விளக்குமாற்றால் மெல்ல அதன்மேல் தள்ளி ஏற்றினாள். "அரிக்கேன் விளக்க எடுத்துட்டு எங்கூட வா" என்று என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேறு மிதித்துக் கண்மாய்க்கரைக்குப் போனோம். தண்ணீர் ஓரத்தில் சுளகைச் சாய்த்தாள். ஆமை இறங்கிப் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, "அடிக்கக் கூடாதுய்யா. பெருமாளே இந்த உருவத்துல வந்தவருதான். ஆனா நம்ம வீடு அதுக்கு வீடு இல்ல" என்றாள். திரும்பி வந்து முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கும்பிடுவதும் உள்ளே விடாமல் இருப்பதும் அவளுக்குள் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்தன. அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. இப்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

அப்பா பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தார். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது விதி. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குப் போகக் கூடாது. அந்த இடைவெளிகளில் புல்லும் செடியும் தாமாக வளர்ந்து கிடக்கும். ஒருநாள் காலையில் சரம் பின்னும் ஷெட் வாசலில் ஓர் ஆமை படுத்திருந்ததாம். பொம்பளைகள் யாரும் உள்ளே போக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மருந்தோடு பழகுகிறவர்கள் சகுனத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் தப்புச் சொல்ல எதுவும் இல்லை. போர்மேன் சாக்கு ஒன்றில் ஆமையை எடுத்துப் போட்டுக் கண்மாய்க்கு அனுப்பிவிட்டு, ஒரு தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிய பிறகுதான் வேலை ஆரம்பித்தது. அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "தண்ணியிலதான விட்டாங்க?"

தீபாவளி முடிந்ததும் ஆபீஸ்களைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் தொழிலுக்கு வெயில் வேண்டும். மழை நாளில் மருந்து காயாது. சம்பளம் இல்லாத அந்த வாரங்களில்தான் எங்கள் பக்கத்து ஜனங்கள் திருச்செந்தூர் போவார்கள், சொந்தபந்தம் பார்க்கப் போவார்கள். ஒரு வருஷம் அப்பா எங்களை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனார். வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது. சாத்தூரில் இறங்கிக் காராச்சேவு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பஸ் மாறி, விளாத்திகுளத்தில் இன்னொரு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அப்பா ஆற்றின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நம்ம ஊர் அர்ச்சுனா நதி இருக்கன்குடியில் மாரியம்மன் கோவில் பக்கம் வைப்பாற்றோடு சேர்கிறது, ஆடி கடைசி வெள்ளிக்கு நாம் குளிப்பது அந்தத் தண்ணீரில்தான், அங்கிருந்து விளாத்திகுளம் வழியாகச் சிப்பிக்குளத்துப் பக்கம் கடலுக்குப் போகிறது என்றார். கண்மாய்க்கரையில் அப்பத்தா இறக்கிவிட்ட ஆமை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அத்தை வீட்டுத் திண்ணையில் மாமாவிடம் கேட்டேன்: "அந்த ஆமை இங்க வந்திருக்குமா மாமா?"

மாமா பனையேறி. மாசி தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். மழைக்காலத்தில் மானாவாரி வெள்ளாமையும் ஆடுகளும்தான். என் கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். "அது நல்ல தண்ணி ஆமை மாப்ள. உப்புத் தண்ணி அதுக்கு ஆகாது. இங்க இருக்கது வேற. கடல்ல ஒண்ணு, காட்டுல ஒண்ணு. நாளைக்குக் காலையில எங்கூட வா."

ராத்திரி முழுக்கப் பெய்து விடியலில் வெறித்திருந்தது. மீன் வாங்கச் சிப்பிக்குளத்துக்குப் புறப்பட்டோம். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் உடங்காடு. குடை பிடித்து நிற்கும் உடைமரங்கள், இடையிடையே பனைகள், சப்பாத்திக்கள்ளிப் புதர்கள், கீழே செம்மணல். முதல் மழைக்கு முளைத்த புல் விரல் உயரம் வந்திருந்தது. காற்றில் உப்பு வாசனை. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது.

பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, 'டொக், டொக்' என்று ஏதோ இடிபடும் சத்தம். மாமா கையை நீட்டி என்னை நிறுத்தினார். கள்ளிப் புதருக்குப் பக்கத்தில் இரண்டு ஆமைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. பின்னால் நகர்ந்து, வேகம் சேர்த்து, ஓட்டின் முன்விளிம்பால் இடித்து, அடியில் புகுந்து தூக்கப் பார்த்தன. "ரெண்டும் கடுவன். மழை விழுந்தா இப்பிடித்தான் சண்டை போடும்" என்று மாமா மெதுவாகச் சொன்னார். நான் அதுவரை பார்த்திருந்த ஆமைகளெல்லாம் சேற்று நிறம். இவற்றின் ஓடு கறுப்பு. அதில் மேடு மேடாக எழும்பிய ஒவ்வொரு கட்டத்தின் உச்சியிலும் ஒரு மஞ்சள் பொட்டு, அதிலிருந்து நாலா பக்கமும் இறங்கும் மஞ்சள் கதிர்கள். மழைத் தண்ணீர் பட்டுப் பளபளத்தன. காட்டாமை என்றார் மாமா. நட்சத்திர ஆமை என்று புத்தகங்களில் போட்டிருப்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஒன்று ஜெயித்தது. மற்றது தூக்கியடிக்கப்பட்டு வண்டித்தடத்துக்குள் மல்லாந்து விழுந்தது. அடிவயிறும் மஞ்சளும் கறுப்புமாகக் கதிர் விரித்திருந்தது. நடுவில் கொஞ்சம் குழிவாக இருந்தது. ஆண் என்பதற்கு அதுதான் அடையாளம். கால்கள் நாலும் காற்றில் துழாவின. நான் ஓடிப்போய்ப் புரட்டிவிடக் குனிந்தேன். "மாப்ள, கையை வைக்காத, பொறு" என்று மாமா அதட்டினார். "அதுக்குத் தெரியும். தானா எந்திரிக்கும்."

ஆமை கழுத்தை நீட்டியது. அவ்வளவு நீளமான கழுத்து அதற்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தலையைத் தரையில் ஊன்றி ஒரு பக்கமாக அழுத்தியது. ஓடு சாய்ந்தது, திரும்ப வந்தது. மறுபடி அழுத்தி, அந்தப் பக்கத்துக் கால்களை வீசியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அந்த ஆட்டத்தை விடாமல், அடுத்த முறை இன்னும் பலமாக வீசி, விளிம்பில் ஒரு கணம் நின்று, அப்படியே உருண்டு காலில் விழுந்தது. நான் கை தட்டிவிட்டேன். 'புஸ்' என்று மூச்சு விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மாமா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அசையாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மூக்கு வெளியே வந்தது. பிறகு கண். வண்டித்தடத்தில் தேங்கிய தண்ணீரில் முகத்தை முழுக்க வைத்துக் குடிக்க ஆரம்பித்தது. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. வருஷத்தில் பல மாதம் சொட்டுத் தண்ணீர் கிடைக்காத மண்ணில் வாழ்கிற பிராணி, கிடைத்த நாளில் எவ்வளவு நிதானமாகக் குடித்தது என்பதை நான் மறக்கவேயில்லை. குடித்து முடித்துப் புல்லைக் கடித்துக்கொண்டே நகர்ந்தது. உடைமர நிழலும் புல்லின் கீற்றும் விழுந்த இடத்துக்குப் போனதும் எங்கே ஆமை, எங்கே புல் என்று பிரிக்க முடியவில்லை. கறுப்பு நிழலோடும் மஞ்சள் காய்ந்த புல்லோடும் சேர்ந்துவிட்டது.

"வீட்டுக்குக் கொண்டு போவோமா மாமா?"

"காட்டுல இருக்கது காட்டுல இருக்கட்டும். வீட்டுக்கு ஆகாது" என்றார். நடக்க ஆரம்பித்த பிறகு, "இது வெளிய நடமாடுற வருசம் புல்லு நல்லா வரும் மாப்ள. ஆட்டுக்குக் கவலை இல்ல" என்றும் சொன்னார். கள்ளிப்பழம் தின்று வாயெல்லாம் சிவப்பாக அலைவதையும் பார்த்திருக்கிறாராம்.

கடற்கரையில் மீன் ஏலம் முடியக் காத்திருந்தபோது கடலாமைக் கதைகள். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணி ஆமை என்று மாமா அடுக்கினார். மன்னார் வளைகுடாவில் இந்த ஐந்தும் உண்டு என்பதை விஞ்ஞானிகளும் பதிவு செய்திருக்கிறார்கள். கருப்பட்டி விற்கத் தூத்துக்குடிக்குப் போன காலத்தில் அங்கே கரையில் பேராமைகளை மல்லாத்திப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ஆமைக்கறி வியாபாரம் அந்த ஊரில் வெகுகாலம் நடந்தது. சூடான ரத்தத்தை டம்ளரில் பிடித்து மருந்தென்று குடிக்க ஆட்கள் நிற்பார்களாம். "உடங்காட்டு ஆமைய மல்லாத்துனா எந்திரிச்சுப் போயிரும். கடலாமைய மல்லாத்துனா அம்புட்டுத்தான். வானத்தப் பாத்துக்கிட்டே கிடக்கும். கண்ணுல தண்ணி வரும்" என்றார். கடலாமை கண்ணில் வடிவது உடம்பிலுள்ள அதிக உப்பை வெளியேற்றும் நீர் என்று பிறகு படித்தேன். படித்த பிறகும் மாமா சொன்னதன் கனம் எனக்குக் குறையவில்லை. 1977இல் கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குப் பின்னும் அந்த வியாபாரம் ஒளிந்து மறைந்து நடந்து, மெல்லத்தான் அடங்கியது.

எனக்குப் படம் வரையும் கை இருந்தது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தேன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் எல்லாம் அப்போது போஸ்டர் கலரில் கையால் வரைந்துதான் பிளேட்டுக்குப் போகும். மயில், கிளி, புலி, ரயில், ரோஜா, சினிமா முகங்கள் என்று சிவகாசி லேபிளில் வராத உருவம் குறைவு. புது மார்க் வேண்டும் என்று ஒரு தீப்பெட்டி முதலாளி வந்தபோது, எனக்கு உடங்காட்டு ஆமைதான் கண்முன் நின்றது. கறுப்பும் மஞ்சளும் இரண்டே கலர், செலவும் குறைவு. கதிர்கள் ஒவ்வொன்றையும் ஒற்றை மயிர்ப் பிரஷில் இழுத்து, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். அவர் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஆமை மார்க் தீப்பெட்டிய எவன் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு போவான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்னம் வரைந்து கொடுத்தேன். அந்த மார்க் நன்றாக ஓடியது.

அதே சிவகாசியில் இன்று காலண்டருக்கும் பரிசுப் பெட்டிக்கும் தங்க நிறத்தில் ஆமை அச்சாகிறது. ஆமை ராசி மாறிவிட்டது. வாஸ்து என்றும் சீனத்து நம்பிக்கை என்றும் சொல்லி, நிலைப்படிக்குள் வரக் கூடாதென்று இருந்ததை ஹாலில் தண்ணீர்த் தட்டில் வைக்கிறார்கள். கண்ணாடியிலும் பித்தளையிலும் வைக்கிறவரை எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நம்பிக்கை அவரவர் சொந்தம். ஆனால் உயிருள்ள ஆமை கிடைத்தால் இன்னும் அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் தேடும் ஆமைகளில் முன்னால் நிற்பது நம் காட்டாமை, அதன் முதுகிலுள்ள அந்த அழகுக்காகவே. தென்னிந்தியா, குஜராத் ராஜஸ்தான் பக்கம், அதை ஒட்டிய பாகிஸ்தான், இலங்கை. இவ்வளவுதான் இயற்கையில் அது வாழும் இடம். இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுகின்றன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கால்களையும் தலையையும் உள்ளே தள்ளி டேப் ஒட்டி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் அடுக்கி, தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் விமானமேற்றுகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்தி எத்தனையோ முறை பேப்பரில் வந்துவிட்டது. 2018இல் சிங்கப்பூரிலிருந்து 51 ஆமைகளைத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு ஜெனீவாவில் கூடிய நாடுகள், இந்த ஆமையின் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்யும் பட்டியலுக்கு அதை உயர்த்தின. நம் சட்டத்திலும் நான்காம் அட்டவணையில் இருந்தது, 2022இல் வந்த திருத்தத்தால் முதல் அட்டவணைக்கு ஏறியது. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு இப்போது அதற்கும் உண்டு.

யோசித்துப் பார்த்தால், அப்பத்தாவும் மாமாவும் சட்டம் தெரிந்தவர்கள் அல்ல. "வீட்டுக்கு ஆகாது" என்ற அந்த ஒரு பயம், ஆமைக்கும் நமக்கும் நடுவில் ஒரு வரப்பு போட்டு வைத்திருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அது அதன் பாட்டுக்கு இருந்தது. அந்தப் பயம் மூடநம்பிக்கை என்று என் தலைமுறை பேசியது. நானும் பேசியிருக்கிறேன், அது மூடநம்பிக்கைதான். ஆனால் பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பயந்த காலத்தில் ஆமை பிழைத்தது. ஆசைப்படுகிற காலத்தில்தான் அதற்கு ஆபத்து வந்திருக்கிறது. தூத்துக்குடிக் கடலாமைக்கு இந்தப் பயம்கூடக் காவல் நிற்கவில்லை என்பதும் உண்மை. காட்டாமைக்கு நின்றது. அதை நான் கண்ணால் பார்த்தவன்.

மகன் ஒருமுறை போனில் ஒரு கட்டுரையைக் காட்டினான். ஹங்கேரியில் காபோர் டொமோகோஷ், பீட்டர் வார்கோன்யி என்று இரண்டு பேர், எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே நிலைக்குத் தானாகத் திரும்பி நிற்கும் ஒரு வடிவத்தை 2006இல் உருவாக்கினார்கள். கோம்போட்ஸ் என்று பெயர். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைச் சாய்த்தாலும் எழுந்துகொள்ளும், ஆனால் அதற்கு அடியில் கனம் வைத்திருக்கிறார்கள். இந்த வடிவத்துக்கு உள்ளே எந்தக் கனமும் இல்லை. உடம்பு முழுக்க ஒரே எடை, வளைவு ஒன்றினாலேயே எழுந்துகொள்கிறது. அதன் பிறகு அவர்கள் ஆமைகளின் ஓடுகளை அளந்து பார்த்து, அந்த வடிவத்துக்கு மிக நெருங்கி வருவது நம் நட்சத்திர ஆமை என்று 2008இல் எழுதினார்கள். தட்டையான ஓடுள்ள ஆமைகள் நீண்ட கழுத்தை ஊன்றிப் புரள வேண்டும். உயரமாகக் குவிந்த ஓட்டுக்குப் பாதி வேலையை ஓடே செய்துவிடுகிறது, மீதிக்குக் காலும் தலையும் கொஞ்சம் உதவினால் போதும். படித்து முடித்ததும் மகனுக்கு வண்டித்தடத்தில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு கணித அறிஞர்கள் அளந்து கண்டதை, பள்ளிக்கூடம் போகாத மாமா, "அதுக்குத் தெரியும்" என்ற சொல்லில் முடித்துவிட்டார். அவர் இருந்திருந்தால் இந்தச் செய்தியைச் சொல்ல ஒரு பஸ் பிடித்துப் போயிருப்பேன்.

அத்தையும் மாமாவும் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது. மச்சான் இருக்கிறான், அத்தை மகன். உப்பு லோடு வண்டி ஓட்டுகிறான். தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் வண்டிகள் பறக்கின்றன. உடங்காடு துண்டு துண்டாகிவிட்டது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சீமைக்கருவேலம். மழை விட்ட காலைகளில் காட்டாமை ரோட்டைக் கடக்கும், வண்டியில் அடிபட்டு ஓடு நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று அவன் சொல்லும்போது, அந்தக் கதிர்களை ஒவ்வொன்றாக இழுத்த என் கை கூசும். உயிரோடு கண்டால் அவன் வண்டியை நிறுத்திவிடுவான். எந்தத் திசையைப் பார்த்துப் போகிறதோ அந்தத் திசையிலேயே தூக்கிக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விடுவான். வந்த பக்கமே விட்டால் மறுபடியும் ரோட்டில் ஏறும் என்பது அவன் அனுபவம்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவிலேயே ஒன்று வந்துவிட்டது. நாலு வீடு தள்ளி இருக்கிற பெண், பட்டாசு ஆபீசில் வேலை. அவளுடைய ஆறு வயதுப் பையன், "தாத்தா, எங்க வீட்டுல ஆமை இருக்கு, வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான். நீல நிறப் பிளாஸ்டிக் டப்பில் பாதிக்குத் தண்ணீர். அதற்குள் காட்டாமை, கழுத்தை மேலே தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஊறிய இட்லித் துண்டு.

"எங்க அண்ணன் லாரியில வரும்போது ரோட்டுல கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்துச்சு மாமா. இது வந்த பெறகுதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை நெரந்தரமாச்சு" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். இது தண்ணீர் ஆமை இல்லை தாயி, கால் இருக்கிற விதத்தைப் பார், நீந்துகிற கால் இல்லை, யானைக்கால் மாதிரி நடக்கிற கால், நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றால் நோவு வரும் என்று சொன்னேன். புல் தின்கிற பிராணி என்றேன். வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் பயந்துவிட்டாள். நானே வனத்துறைக்குப் பேசுகிறேன், தானாகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்கிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்று மட்டும் கேட்டாள். அவர் உழைத்ததற்குக் கிடைத்த வேலை, அது எங்கும் போகாது என்றேன். அவள் அதை நம்பினாளோ இல்லையோ, டப்பிலிருந்து தண்ணீரை அப்போதே இறைத்து ஊற்றிவிட்டாள். பையன் வாய்க்கால் கரையிலிருந்து அருகம்புல் பறித்து வந்தான். இட்லியைத் தொடாத ஆமை புல்லைக் கடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் மனசு இறங்கியது.

மறுநாள் வனக்காவலர் ஒருவர் வந்தார். இளைஞர், தன்மையாகப் பேசினார். கொண்டுபோகப் பெட்டி வேண்டும் என்றபோது அந்தப் பெண் பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். பையன் பேனாவால் குத்திக் குத்தி ஓட்டை போட்டான். "எங்க கிடைச்சது?" என்று கேட்டு நோட்டில் எழுதத் தொடங்கினார் காவலர். அந்தக் கேள்விக்காகத்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். வடக்கத்தி ஆமையும் நம் பக்கத்து ஆமையும் ஒரே வம்சம் இல்லை, எங்கிருந்தோ பிடித்ததை எந்தக் காட்டிலோ விட்டால் கலந்துபோகும், நோயும் பரவும். எடுத்த இடம் தெரிந்த ஓர் ஆமையை அங்கேயே கொண்டு சேர்ப்பதுதான் அதற்குச் செய்யும் நியாயம். அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டோம். வேம்பாருக்கும் சூரங்குடிக்கும் இடையில், ரோட்டோரம் என்றான். அப்படியே எழுதிக்கொண்ட காவலர், தூத்துக்குடி மாவட்டத்து ஆட்களிடம் பேசி அனுப்பி வைப்பதாகச் சொன்னார். பையன் பெட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான் மச்சானைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரோட்டுக்குக் கிழக்க விடச் சொல்லாதீங்க மச்சான். அங்க இப்ப பூராம் உப்பளம். மேற்க ஓடை தாண்டி உடங்காடு கொஞ்சம் மிச்சம் இருக்கு, புல்லும் இருக்கு. அங்க விடச் சொல்லுங்க. நான் வேணும்னா வந்து இடத்தக் காட்டுறேன்" என்றான். காவலரை வாசலில் நிறுத்தி அதையும் சொன்னேன். நோட்டைத் திரும்பப் பிரித்து, மச்சானுடைய போன் நம்பரையும் அந்த வரிக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.